நினைப்பவனும் நினைக்கப்படுபவளும்

1

இறந்த தாயைப் பற்றி எழுத உட்காரும் எவனுக்கும் கைக்கு முதலில் அகப்படும் சொல் தியாகம். பதினாறாம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் நினைவஞ்சலி அட்டையிலிருந்து, விருது வாங்கும் மேடையில் கண் கலங்கிச் சொல்லப்படும் வாக்கியம் வரை இந்தச் சொல் அலுக்காமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. பாட்டியானால் கூடவே 'வெள்ளந்தி' என்பதும் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சொற்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நம் தாய்மார்களில் பெரும்பாலோர் நிறைய இழந்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. என் பிரச்னை வேறு. இந்தச் சொல்லைச் சொல்கிறவன் யார்? பெற்றுக்கொண்டவன். பெற்றுக்கொண்டவனே எழுதிக் கையெழுத்திடும் ரசீது அது. தொகையையும் அவனே போட்டுக்கொள்கிறான். கொடுத்தவள் மனமுவந்து கொடுத்தாளா, வேறு வழியின்றிக் கொடுத்தாளா, அல்லது அவளிடமிருந்து பிடுங்கப்பட்டதா என்ற விவரங்களுக்கு அந்த ரசீதில் கட்டம் கிடையாது. தியாகம் என்று எழுதிய மாத்திரத்தில் எல்லாமே மனமுவந்தவையாகி விடுகின்றன. கணக்கு நேராகிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: தாயை நினைப்பது அன்பின் காரியம், அதில் போய் நியாயம் அநியாயம் பார்ப்பதா? அன்பு இருக்கிறது, அது போதாதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். நேசித்த ஒருவரை நினைவுகூர்வதில் நியாயமென்று ஒன்று உண்டா. உண்டென்றால் அது அன்புக்கு விரோதமானதா?

2

முதலில் ஒரு தடையைத் தாண்டியாக வேண்டும். இறந்தவருக்கு எதுவும் உறைக்காது. உணர்வு இல்லாத இடத்தில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று எபிகூரஸ் வாதித்து இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்களாகின்றன. அந்த வாதத்தை நீட்டினால், இறந்த தாய்க்கு அநியாயம் செய்யவே முடியாது. நினைவு என்பது முழுக்க உயிரோடிருப்பவனின் சொந்த விஷயம். அவனுக்கு ஆறுதல் தரும் விதத்தில் அவன் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நாம் அப்படி நடந்துகொள்வதில்லை. சாகக் கிடந்தவளுக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டவனை ஊர் மன்னிப்பதில்லை. செத்துப்போனவள் மேல் பொய்ப்பழி சொன்னால், அவளுக்குக் காது கேட்காது என்பதால் பழி பழியல்லாமல் போய்விடாது. இவையெல்லாம் வெறும் மூடப்பழக்கம் என்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. ஒருத்தியின் வாழ்வு அவள் மூச்சோடு முடிகிறது. அவள் எப்படிப்பட்டவள் என்கிற உண்மை அதோடு முடிவதில்லை. அந்த உண்மையைக் குறித்து நாம் சரியாகவோ தவறாகவோ இருக்க முடியும்.

இந்த இடத்தில் ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளிவந்த 'தி ஸாவரின்ட்டி ஆஃப் குட்' என்ற சிறிய புத்தகத்தில் தரும் ஓர் உதாரணம் உதவும். ஒரு மாமியார். மருமகளைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நாசூக்கு இல்லாதவள், சின்னப் பிள்ளைத்தனம் மாறாதவள், மகன் தகுதிக்குக் குறைந்த இடத்தில் விழுந்துவிட்டான் என்பது அவள் எண்ணம். ஆனால் வெளிக்கு அவள் நடத்தையில் ஒரு குறையும் கிடையாது. எப்போதும் அன்பாகவே பழகுகிறாள். நாளடைவில் அவள் தன்னையே கேட்டுக்கொள்கிறாள்: நான் பழைய காலத்து மனுஷி, மகன் மேல் பொறாமையும் இருக்கலாம், இன்னொரு முறை பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க மருமகளின் முரட்டுத்தனம் வெகுளித்தனமாக, கூச்சலென்று பட்டது உற்சாகமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. நுட்பமான விஷயம் என்னவென்றால், இதெல்லாம் நடக்கும்போது மருமகள் வெளிநாடு போய்விட்டதாகவோ இறந்துவிட்டதாகவோ மர்டாக் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். செயலில் மாற்றம் ஏதுமில்லை. மாறியது பார்வை மட்டும். ஆனாலும் அந்த மாமியார் ஏதோ செய்திருக்கிறாள், ஒழுக்க ரீதியாக ஒரு வேலை நடந்திருக்கிறது என்பது மர்டாக்கின் வாதம். நியாயமும் அன்பும் ஒரே பார்வையில் கூடும் அந்தக் கவனத்தை அவர் சிமோன் வெய்லிடமிருந்து பெற்றுக்கொள்கிறார்.

இது என் முதல் கேள்விக்குப் போதுமான விடை. பார்க்கப்படுகிறவள் இல்லாமல் போனபிறகும் பார்வையில் நியாயம் உண்டு. ஆனால் மர்டாக்கின் உதாரணத்தில் எனக்கொரு குறை படுகிறது. அதில் பார்வை மோசமானதிலிருந்து நல்லதை நோக்கி நகர்கிறது. நகர்ச்சியின் திசையே நமக்கு இதமாக இருப்பதால், இது அன்புதான் என்று உடனே ஒப்புக்கொண்டு விடுகிறோம். இறந்த தாயின் விஷயத்தில் நம் நிலைமை நேரெதிர். நாம் தொடங்குவதே உச்சியில். அவள் ஏற்கனவே தெய்வம். இன்னொரு முறை பார்ப்பது என்றால் தெய்வத்திலிருந்து மனுஷியை நோக்கி இறங்கி வருவதுதான். இந்த இறக்கத்தையும் அன்பு என்று சொல்ல முடியுமா என்பதே கடினமான கேள்வி. முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். மருமகளை விடத் தெய்வத்துக்கே இரண்டாவது பார்வை அதிகம் தேவைப்படுகிறது; தெய்வத்தை யாரும் முதல் முறை கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

3

நம் மரபு இந்தப் பார்வைக்கு என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது?

செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த ஆநிரைப் பூசலில் பட்டான், அவன் பெயர் என்ன என்று கல் சொல்லும். பக்கத்தில் வில்லும் வாளுமாக அவன் உருவம். பெண்ணுக்கும் நாம் கல் நட்டிருக்கிறோம். பழைய சாலையோரங்களில், இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே கிடத்தியிருக்கும் சுமைதாங்கி. வயிற்றுச் சுமையோடு செத்துப்போனவள் நினைவாக வைப்பது அது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக, வழிப்போக்கர்கள் தங்கள் தலைச்சுமையை அங்கே இறக்கி வைத்து இளைப்பாறலாம். இதைவிட ஆழமான ஒரு படிமத்தை எந்தக் கவியும் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்த சுமைதாங்கிகள் எதிலும் எழுத்து இல்லை. வீரன் பெயரோடும் செயலோடும் நிற்கிறான். இவள் உபயோகமாக நிற்கிறாள். இறந்த பிறகும் சுமப்பது அவளே.

கயையில் தாய்க்கென்று தனியாகப் பதினாறு பிண்டங்கள் வைக்கும் மாத்ரு ஷோடசி என்ற சடங்கு உண்டு. ஒவ்வொரு பிண்டத்துக்கும் ஒரு சுலோகம். ஒவ்வொரு சுலோகத்திலும் தாய் பட்ட ஒரு துன்பம். சுமந்த மாதங்கள், பிரசவ வேதனை, பிள்ளைக்காகக் குடித்த கசப்பு மருந்து, ஈரப் படுக்கையில் கழித்த இரவுகள். இவற்றால் எனக்கேற்பட்ட கடனைத் தீர்க்க இந்தப் பிண்டம் என்று மகன் சொல்கிறான். நம் சடங்குகளில் இவ்வளவு ஸ்தூலமாக, உடம்பின் பக்கம் நின்று பேசுவது வேறொன்று இருக்குமா தெரியாது. கேட்பவர்கள் அழுதுவிடுகிறார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் கவனியுங்கள். பதினாறில் ஒன்றுகூட அவளுக்காக அவள் செய்ததல்ல. எல்லாம் எனக்காகப் பட்டது. நான் கருவானதற்கு முன் அவளுக்கு ஒரு வாழ்வு இருந்ததாக அந்தப் பதினாறுக்கும் தெரியாது. துன்பத்தைத் தவிர வேறெதையும் அவள் அனுபவித்ததாகவும் தெரியாது. கடன்காரன் தன் கடனை மட்டும் எண்ணுகிறான். எவ்வளவு நேர்மையாக எண்ணினாலும் அது கடன் பட்டியல்தான். ஆளின் சித்திரம் ஆகாது.

ஒப்பாரி இந்த இரண்டிலிருந்தும் மாறுபடுகிறது. எழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும் பெண்களின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். செத்தவளைப் பற்றித் தொடங்குவது நாலு வரியில் அழுகிறவளின் கதைக்கு வந்துவிடும். அண்ணன் மதிக்கவில்லை, புகுந்த வீட்டில் நாதியில்லை, தாய் வீட்டு வாசல் இனி எனக்கு ஏது என்று. படித்தவர்கள் இதைக் கேட்டு நமட்டுச் சிரிப்புச் சிரிப்பதுண்டு: சாவு அவளுக்கு, அழுகை தனக்கு. எனக்கென்னவோ ஒப்பாரியில்தான் நேர்மை கூடுதல் என்று தோன்றுகிறது. ஒப்பாரிக்காரி தன் இழப்பைத் தன் இழப்பென்றே சொல்கிறாள். செத்தவளின் தியாகம் என்ற போர்வையில் அதை மறைப்பதில்லை. நினைவில் 'நான்' இருந்தே தீரும். அது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

நவீன இலக்கியம் நமக்கு இதில் ஏதாவது கற்றுத் தந்திருக்கிறதா? தந்திருக்கிறது, நாம்தான் கற்றுக்கொள்ளவில்லை. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. அந்தத் தாய்க்குத் தன் ஆசை என்று ஒன்று இருந்தது, அதற்குப் பிராயச்சித்தமாகவே மகனை வேதபாடசாலைக்கு அனுப்பினாள் என்பதை நம் வாசகர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தங்கள் சொந்தத் தாயைப் பற்றி யாரோ ஏதோ சொல்லிவிட்டதுபோல் துடித்தார்கள். அலங்காரத்தம்மாளின் தவறு அவர்களை அவ்வளவு உறுத்தவில்லை. மகனுக்குச் சம்பந்தமில்லாத ஓர் அறை அவளுக்குள் இருந்ததுதான் உறுத்தியது.

4

பொதுவாகப் பேசிக்கொண்டே போவது சுலபம். என் கையில் இருக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். என் அம்மாவும் அவளைப் பெற்ற ஆச்சியும்.

ஆச்சி தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் முப்பத்தோராவது வயதில் நான்கு பிள்ளைகளோடு விதவையானவள். அவளுடைய நினைவஞ்சலி அட்டையில் 'ஏழை எளியோர்க்கு உதவிய உத்தமி' என்று போட்டார்கள். ஆச்சி வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தாள் என்பது அதன் நடைமுறை அர்த்தம். பீடி சுற்றும் பெண்களுக்கு வாரவட்டி. அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்த கணக்கு அவளைத் தவிர யாருக்கும் புரியாது. ஒரு கோடு கூடத் தப்பியதில்லை. கடன் கேட்டு வருகிறவளைத் திண்ணையில் கால்மணி நேரம் உட்கார வைப்பாள். உள்ளே அவளுக்கு ஒரு வேலையும் இருக்காது. வெற்றிலையில் புகையிலையைக் கிள்ளி வைத்து நிதானமாக மென்றுகொண்டிருப்பாள். பிறகு வெளியே வந்து, 'என்னத்தா, எப்ப வந்த?' என்பாள். அந்தக் கால்மணி நேரத்தில் அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். முப்பத்தோரு வயதில் எல்லோருடைய வாசலிலும் நின்று காத்திருந்தவளுக்கு, தன் வாசலில் பிறர் காத்திருப்பதில் கிடைத்த சந்தோஷம். அதைக் குணக்கேடு என்று தள்ளவும் முடியவில்லை, தியாகத்துக்குள் அடக்கவும் முடியவில்லை. எழவு விழுந்த வீட்டுக்கு மட்டும் கடன் கேட்டுப் போகமாட்டாள். மாதக் கணக்கானாலும் சரி. மாட்னி ஷோவுக்குத் தனியாகப் போவாள். அல்வா வாங்கினால் முதல் துண்டைத் தான் தின்றுவிட்டுத்தான் பொட்டலத்தை எங்கள் பக்கம் தள்ளுவாள்.

இன்னொன்றும் உண்டு. சாணி அள்ளித் தொழுவம் கூட்ட ஒரு பெண் வருவாள். அவளுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் புறவாசல் இறவாணத்தில் சொருகியிருக்கும். அவளே எடுத்து, நீட்டி, குடித்து, கழுவி, திரும்பச் சொருக வேண்டும். ஆச்சி மேலேயிருந்து ஊற்றுவாள். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியது அதே கை. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நடுவில் 'ஆனால்' போடுவதா, 'ஆகவே' போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் போடாமல் விடுவதே சரி என்று படுகிறது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லி முடித்துவிடலாம். காலமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் டம்ளரை இறவாணத்தில் சொருகச் சொன்னது காலமல்ல, ஆச்சி.

அம்மா பீடி சுற்றினாள். முறத்தை மடியில் வைத்து, நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரித்து, தூள் போட்டு, உருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, நாளுக்கு ஆயிரம். 'பீடி சுற்றிப் புள்ளைய பி.ஏ. படிக்க வச்சா, பேங்க் வேலையில உக்கார வச்சா' என்பது எங்கள் தெருவில் அவளைப் பற்றி நிலவும் சரித்திரம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் பீடி சுற்றுவதற்கு என்னைத் தவிரவும் அவளுக்குக் காரணங்கள் இருந்தன. தெருவிலேயே வேகமான கை அவளுடையது. அதில் அவளுக்கு அசாத்தியப் பெருமை. கம்பெனி கார்டு அவள் பெயரில் இருந்தது. அப்பா பெயரில் இல்லாத ஒரே காகிதம் அந்த வீட்டில் அதுதான். மத்தியானங்களில் நாலைந்து பேர் ஒரே திண்ணையில் கூடி முறங்களோடு உட்கார்ந்து பேசிய பேச்சுக்கு ஆண்கள் யாரும் சாட்சி கிடையாது. பக்கத்தில் போனால் பேச்சு மாறிவிடும். எனக்கு வங்கியில் வேலை கிடைத்த பிறகு, இனி நிறுத்திவிடலாமே என்று சொன்னேன். 'சும்மா உக்காந்து உன் மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுத?' என்றாள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தியாகம் என்ற சொல்லை மறுக்கக் கிளம்பியவன் அதற்கு எதிர்ச்சொல்லாக 'அவள் அதை விரும்பிச் செய்தாள்' என்பதைப் பிடித்துக்கொள்கிறான். யோசித்தால் இது முந்தையதைவிட வசதியானது. அவள் விரும்பித்தான் செய்தாள் என்றால் என் கடனே குறைந்துபோகிறதல்லவா? அவள் சுவாசித்த புகையிலைத் தூளும், நாற்பது வயதில் கூனிய முதுகும், எண்ணிக் கொண்டுபோன கட்டுகளில் கடைக்காரன் 'கழிவு' என்று ஒதுக்கிக் கூலி குறைத்த பீடிகளும் எங்கே போவது? பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் அவள் திண்ணை வரை நடந்து வரப் பல வருஷங்கள் எடுத்துக்கொண்டது. தியாகம் என்பது அவள் சந்தோஷத்தை அழிக்கிறது. விருப்பம் என்பது அவளுக்கு இழைக்கப்பட்டதை அழிக்கிறது. இரண்டுமே என்னை நிம்மதியாக்கும் சொற்கள். நினைப்பவனை நிம்மதியாக்கும் சொல் எதுவானாலும் சந்தேகத்துக்குரியது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பீட்டர் ஹாண்ட்கே தன் தாய் 1971இல் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து அடுத்த வருஷமே அவளைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே தன் எழுத்தைப் பார்த்து அவருக்குப் பயம் வருகிறது. ஏழைப் பெண்களின் வாழ்வைச் சொல்வதற்கென்று தயாராக இருக்கும் பொதுச் சொல்லமைப்புகள் தன் தாயை விழுங்கிவிடுமோ என்று. அந்தப் பொதுச் சொற்கள் இல்லாமல் சொல்லவும் முடியாது. சொன்னால் அவள் மிஞ்சுவதும் இல்லை. ரோலாண் பார்த் 1980இல் வெளிவந்த 'காமெரா லூசிடா'வில் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்: தன் குடும்பத்தைக் 'குடும்பம்' என்ற பொதுமையாகவும், தன் தாயைத் 'தாய்' என்ற பொதுமையாகவும் கரைத்துவிட அவர் சம்மதிக்கவில்லை. தமிழில் நாம் கரைத்துவிட்டுத்தான் பேனாவையே திறக்கிறோம்.

5

வங்கியில் இறந்தவர் கணக்குகளைத் தீர்க்கும் மேஜை சில வருஷங்களாக என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே வருகிறவர்களுக்கு நான் அடிக்கடி விளக்க வேண்டியிருக்கும் ஒரு விஷயம், நாமினி என்பவர் வாரிசு அல்ல என்பது. கணக்குக்காரர் இறந்தால் வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். வங்கியின் கடமை அத்தோடு தீர்ந்தது. ஆனால் அந்தப் பணம் நாமினியுடையதாகிவிடுவதில்லை. உரியவர்கள் வாரிசுகள், நாமினி அவர்கள் சார்பில் பெற்றுக்கொண்டவர், அவ்வளவே. உச்ச நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனாலும் ஃபாரத்தில் தன் பெயர் இருப்பதைப் பார்த்தவர்கள் அதை நம்ப மறுக்கிறார்கள். 'அம்மா என் பேரத்தானே சார் எழுதியிருக்கா?' என்கிறார்கள்.

நினைவின் விஷயத்திலும் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். மகனோ பேரனோ எழுதத் தெரிந்தவனாக இருந்தால், ஒருத்தியின் வாழ்வு கடைசியில் அவன் கையில் வந்து சேர்கிறது. கையில் வந்ததால் தனதென்று நினைத்துக்கொள்கிறான். அதை அலங்கரிக்கிறான், செலவழிக்கிறான், கதையாக விற்கிறான். அவன் நாமினி. அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது; அவனுடையதல்ல.

அப்படியானால் வாரிசுகள் யார்? இந்தக் கேள்வியில்தான் காரியம் இருக்கிறது. ஆச்சியின் நினைவுக்கு நாங்கள் பேரப்பிள்ளைகள் மட்டும் வாரிசுகளல்ல. திண்ணையில் கால்மணி நேரம் காத்திருந்தவர்களும் வாரிசுகள். இறவாணத்திலிருந்து டம்ளரை எடுத்து நீட்டிய அந்தப் பெண்ணும் ஒரு வாரிசு. அவளிடமும் ஆச்சியின் நினைவு ஒன்று இருக்கிறது, அல்லது அவள் பிள்ளைகளிடம் இருக்கிறது. என்னுடையதைப் போலவே அதுவும் நிஜம். நான் எழுதும் ஆச்சியில் அந்த டம்ளர் இல்லையென்றால், நான் ஆச்சியைக் காப்பாற்றியவன் ஆகமாட்டேன். இன்னொருத்தியின் பங்கை எடுத்துக்கொண்டவன் ஆவேன். ஒருவர் பிறருக்குச் செய்தது அவருடைய சொந்த ரகசியமல்ல. அதில் பாதி, செய்யப்பட்டவருக்குச் சொந்தம். அதை மறைக்கும் உரிமை அன்பின் பேரில் எனக்குக் கிடையாது.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. உண்மை என்ற பேரில் எல்லாவற்றையும் எடுத்து வெளியில் போடும் உரிமையும் எனக்கில்லை. இன்று எழுதுகிறவர்களில் சிலர் தாயின் அந்தரங்கத்தைத் திறந்து காட்டுவதையே துணிச்சல் என்று எண்ணுகிறார்கள். யாருடைய துணிச்சல்? பணயமாக வைக்கப்பட்டவள் இறந்துவிட்டாள். புனித அகஸ்டின் தன் 'கன்ஃபெஷன்ஸ்' ஒன்பதாம் பாகத்தில், 387இல் ஓஸ்தியாவில் இறந்த தன் தாய் மோனிகாவைப் பற்றி எழுதுகிறார். அவள் சிறு பெண்ணாக இருந்தபோது, பீப்பாயிலிருந்து மது எடுத்துவரப் போகும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகியதையும், ஒரு வேலைக்காரப் பெண் சண்டையில் அதைக் குத்திக்காட்டியதும் விட்டுவிட்டதையும் சொல்கிறார். திருச்சபை புனிதை என்று கொண்டாடும் ஒருத்தியைப் பற்றி மகன் எழுதி வைத்திருப்பது இது. நான் கவனிப்பது வேறொரு சிறிய விவரம். இது தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் அகஸ்டின் சொல்லிவிடுகிறார்: தாயே மகனிடம் சொன்னது. அவள் சொல்லிச் சிரித்திருக்கக்கூடிய கதை அது, ஒளித்து வைத்ததல்ல. அதனால்தான் அந்தப் பக்கங்களில் காட்டிக்கொடுத்த வாடை இல்லை.

பார்த் இன்னும் ஒரு படி போகிறார். தாய் 1977இல் இறந்த பிறகு பழைய புகைப்படங்களைப் புரட்டியவருக்கு, 1898இல் எடுக்கப்பட்ட ஒன்று அகப்படுகிறது. கண்ணாடிக் கூரையிட்ட ஒரு பூங்கூடத்தில் ஐந்து வயதுச் சிறுமியாகத் தாய். அவளுடைய முழு உண்மையும் அதில் இருப்பதாக அவருக்குப் படுகிறது. புத்தகத்தின் பாதி அந்தப் படத்தைப் பற்றியது. எத்தனையோ படங்களை அச்சிட்ட புத்தகத்தில் அந்த ஒன்றை மட்டும் அவர் அச்சிடவில்லை. அது தனக்கு மட்டுமே இருப்பது, உங்களுக்கு அது இன்னொரு பழைய படம் என்று சொல்லிவிடுகிறார். வாசகனுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் ஒரு நாமினி செய்யக்கூடிய மிகச் சரியான காரியங்களில் அது ஒன்று என்று எனக்குப் படுகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் தாயைக் கண்டுகொண்டது அவருடைய தாயாக அவள் இருந்த வருஷங்களின் படத்தில் அல்ல. அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, அவருக்காக அவள் எதுவும் செய்திராத ஒரு நாளில்.

அம்மா சாவதற்கு முந்தைய வருஷம், ஒரு மத்தியானம், இலை நறுக்கிக்கொண்டே என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். எனக்கு முந்திய காலத்து விஷயம். அவள் வேண்டும் என்று கேட்டு, கிடைக்காமல் போன ஒன்று. ஆச்சிக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அதனால் யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை; அதில் பங்கு கேட்க வரக்கூடிய வேறு வாரிசு கிடையாது. அது அவளுக்கே உரியது. எழுதினால் இந்தக் கட்டுரை சிறக்கும் என்பது ஒரு நியாயமாகாது. அது இருந்தது என்று மட்டும் சொல்லலாம். பீடி முறத்துக்குப் பின்னால், எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆசையும் ஏமாற்றமும் கொண்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்று. மாத்ரு ஷோடசியின் பதினாறு பிண்டங்களுக்கு அப்பால் பதினேழாவதாக ஒன்று வைப்பதானால் அதற்குத்தான் வைக்க வேண்டும், சுலோகம் இல்லாமல்.

6

ஆக, நினைவில் நியாயம் உண்டு. அது அன்புக்கு விரோதமானதல்ல; அன்பு தன் வசதிக்குச் சாயாமல் இருக்க அதற்கு அவசியமான பிடிமானம். அவள் பிறருக்குச் செய்ததை மறைக்காமலும், அவள் தனக்கென்று வைத்திருந்ததைத் திறக்காமலும், அவள் எனக்குச் செய்ததை அவளுடைய முழு உருவம் என்று ஆக்கிவிடாமலும் நினைப்பது. சொல்லிவிட்டால் சுலபமாகத் தெரிகிறது. ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் தெரியும். பேனா தானாகவே ரசீதுப் புத்தகத்தை நோக்கித்தான் போகும்.

இதெல்லாம் எத்தனை காலத்துக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. தர்ப்பணத்தில் நாம் பெயர் சொல்லி அழைப்பது மூன்று தலைமுறையை. நான்காவது வரும்போது ஒன்று நழுவிவிடும். மரபு இதில் யதார்த்தமாகவே நடந்துகொண்டிருக்கிறது. மனித நினைவின் கொள்ளளவு அதற்குத் தெரிந்திருக்கிறது. மேலும், சடங்கு அங்கே பெயரை மட்டும்தான் கேட்கிறது. நல்லவளா, தியாகியா என்று கேட்பதில்லை. புகழ்ச்சி இல்லாத அந்த அழைப்பில் ஒரு கண்ணியம் இருப்பதாக இப்போது தோன்றுகிறது.

ஆச்சியைப் பெற்றவளைப் பற்றி எங்கள் வீட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தகவல். அவளுக்கு இடது கை வாகு. ஆச்சி சொல்லி அம்மாவுக்குத் தெரிந்து, அம்மா சொல்லி எனக்குத் தெரியும். அரிவாள்மணையில் இடது கையால் காய் நறுக்குவாளாம். மாமியார் எவ்வளவு ஏசியும் மாற்றிக்கொள்ளவில்லையாம். அவள் யாருக்காக என்னென்ன தியாகம் செய்தாள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. கை மட்டும் தங்கியிருக்கிறது.